ரப்பர் ஷீட் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது? குமரி மாவட்டச் சிறு யூனிட்டுகள் பதிவேடு தொடங்க ஒரு வழிகாட்டி

டயர் கம்பெனிக்கோ, கையுறை, மிதியடி, ரப்பர் பேண்ட் ஏற்றுமதி செய்கிறவர்களுக்கோ சரக்கு கொடுக்கிற யூனிட் உங்களுடையது என்றால் இந்நேரம் ஒரு எக்செல் கோப்பு மெயிலில் வந்திருக்கும், இல்லையென்றால் சீக்கிரம் வரும். போன வருடம் எத்தனை யூனிட் மின்சாரம், எவ்வளவு டீசல், எவ்வளவு தண்ணீர், கழிவுநீர் எங்கே போகிறது, வாங்கிய ரப்பர் எந்தெந்தத் தோட்டத்தில் விளைந்தது, அந்தத் தோட்டத்தின் ஜிபிஎஸ் புள்ளி என்ன என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். பலரும் அதைக் கணக்கு எழுதுகிறவரிடம் தள்ளிவிட்டு "ஏதாவது போட்டு அனுப்பு" என்று சொல்லிவிடுகிறார்கள். அடுத்த வருடம் அதே கோப்பு திரும்பி வரும்போது போன தடவை போட்ட எண் எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

அந்தக் கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் எழுத ஒரு சின்னத் தகவல் அமைப்பை எப்படி உருவாக்குவது என்று இங்கே சொல்கிறேன். குலசேகரம், அருமனை, திருவட்டாறு, மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் பாலும் ஷீட்டும் வாங்கி, புகைபோட்டு, தரம் பிரித்து விற்கிற யூனிட்டை மனதில் வைத்து எழுதுகிறேன். ஈத்தாமொழிப் பக்கம் தும்பு ஆலை நடத்துகிறவர்களுக்கும் முந்திரி ஆலைக்காரர்களுக்கும் தோட்டத்துப் புள்ளி பற்றிய பகுதியைத் தவிர மற்றது அப்படியே பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருள் கடைசி வேலை. எண் பிறக்கிற இடங்கள் இருக்கின்றன, தராசு, மின் மீட்டர், விறகு இறங்கும் இடம், பால் உறைய வைக்கிற தொட்டி. அங்கே எழுதுவது ஒழுங்காக இல்லை என்றால் எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய மென்பொருளுக்குள்ளும் போவது தப்பான எண்தான். எண்ணை எழுதப்போகிறவர் தராசுப் பக்கத்தில் நிற்கிற ஆள். அவருக்கு எது எளிதோ அதுதான் உங்களுக்கு ஏற்ற அமைப்பு.

யார் கேட்கிறார்கள், எதற்காக

இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. ஒன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்பு விதி, 2023இல் வந்தது, தொழிலில் இருப்பவர்கள் இயூடிஆர் என்கிறார்கள். ரப்பர், காப்பி, கோகோ, எண்ணெய்ப் பனை, சோயா, மரம், மாடு என்று ஏழு பொருட்களும் அவற்றிலிருந்து செய்த பல சரக்குகளும் இதில் அடங்கும். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்து உண்டாக்கிய நிலத்தில் விளைந்ததாக இருக்கக் கூடாது, விளைந்த நாட்டின் சட்டப்படி விளைந்திருக்க வேண்டும், விளைந்த நிலத்தின் இருப்பிடம் தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றும்தான் அடிப்படை. அமலாகும் தேதி இரண்டு முறை தள்ளிப்போய், கடைசியாக அறிவித்தபடி பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் இறுதி. தேதி தள்ளிப்போனது என்று சும்மா இருந்துவிடாதீர்கள், வாங்குகிறவர்கள் அதற்கு முன்பே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

இன்னொன்று நம் நாட்டுக்குள்ளேயே. பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி அமைப்பு, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல் கணக்கை ஆண்டறிக்கையோடு கொடுக்க வேண்டும் என்று 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயமாக்கியது. அந்த நிறுவனத்துக்குச் சரக்கு கொடுப்பவர்கள் பக்கம் உண்டாகும் புகையும் கழிவும் அவர்களுடைய சங்கிலியில்தான் சேரும், அதனால் கேள்வி மெல்ல மெல்ல இறங்கி நம் ஊர்ச் சந்துக்குள் வருகிறது.

தோட்டத்துப் புள்ளி

இதுதான் நேரம் அதிகம் பிடிக்கிற வேலை, சரியாகச் செய்தால் ஒரே தடவையோடு முடிந்துவிடும் வேலையும் இதுதான்.

நீங்கள் நேரடியாக வாங்குகிற ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுங்கள். பெயரை வைத்துப் பதியாதீர்கள். நம் பக்கத்தில் ஒரே பெயரில் நாலு பேர் ஒரே வார்டில் இருப்பார்கள், அதே பெயரை ஒருநாள் இனிஷியலோடும் ஒருநாள் வீட்டுப் பெயரோடும் எழுதுவார்கள், மாதக் கடைசியில் கூட்டினால் ஒருவர் மூன்று பேராகியிருப்பார். 001, 002 என்று எண். ஒருவருக்கு இரண்டு இடத்தில் தோட்டம் இருந்தால் 014-அ, 014-ஆ. ஒருவர் விற்பதை நிறுத்தினாலும் அவருடைய எண்ணை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது.

ஒவ்வொரு தோட்டத்துக்கும் எழுத வேண்டியவை: ஊர், சர்வே எண்ணும் உட்பிரிவும், பரப்பு, நட்ட வருடம், ஜிபிஎஸ் புள்ளி. பரப்பைச் சென்ட்டில் எழுதி, பக்கத்துக் கட்டத்தில் ஹெக்டேரில் மாற்றும் சூத்திரத்தைப் போட்டுவிடுங்கள், 247 சென்ட் ஒரு ஹெக்டேர். 4 ஹெக்டேருக்கு மேல் போனால் தோட்டத்தின் எல்லையைச் சுற்றிப் பல புள்ளிகளாக எடுக்க வேண்டும், அதற்குள் என்றால் ஒரு புள்ளி போதும். 4 ஹெக்டேர் என்பது பத்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. நம் மாவட்டத்தின் சிறு விவசாயிகளில் ஏறத்தாழ எல்லோருமே இந்த ஒரு புள்ளிக்குள் வந்துவிடுவார்கள், எஸ்டேட்களுக்குத்தான் எல்லை நடக்க வேண்டியிருக்கும்.

புள்ளி எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. தசமப் புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கம் கேட்பார்கள். டிகிரி, நிமிடம், நொடி என்று காட்டுகிற செயலியை டெசிமல் டிகிரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டு முற்றத்தில் நின்று எடுக்காதீர்கள், தோட்டத்துக்குள்ளே போய் நடுவில் நின்று எடுங்கள். ரப்பர் இலை அடர்ந்த இடத்தில் போன் உடனே சரியான இடத்தைப் பிடிக்காது, ஒரு நிமிடம் அசையாமல் நின்று, துல்லியம் ஐந்து பத்து மீட்டருக்குள் வந்த பிறகு சேமியுங்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் இலை உதிர்கிற காலத்தில் போனால் வானம் நன்றாகத் தெரியும், பால்வெட்டும் குறைவாக இருக்கும், விவசாயிக்கும் நின்று பேச நேரம் இருக்கும். எங்கள் பக்கம் இந்த வேலைக்கு நான் சொல்லும் பருவம் அதுதான்.

எடுத்த புள்ளி சரிதானா என்று பார்க்க ஒரு எளிய சோதனை. குமரி மாவட்டத்துக்குள் எங்கே நின்று எடுத்தாலும் அட்சரேகை 8 என்றுதான் தொடங்கும், தீர்க்கரேகை 77 என்றுதான் தொடங்கும். எக்செல்லில் ஒரு நிபந்தனை போட்டு, இந்த வரம்புக்குள் வராத கட்டம் சிவப்பாகும்படி வைத்துவிடுங்கள். இன்னொன்றும் உண்டு, இதில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: நாம் பழக்கத்தில் அட்சரேகையை முதலில் எழுதுவோம், ஆனால் ஐரோப்பியத் தளத்தில் ஏற்றுகிற ஜியோஜேசன் கோப்பில் (இடப் புள்ளிகளை எழுதுகிற கோப்பு வகை) தீர்க்கரேகைதான் முதலில் வரும். மாற்றிப் போட்டால் உங்கள் பேச்சிப்பாறைத் தோட்டம் வடதுருவத்துக்குப் பக்கத்தில் கடலுக்குள் போய் விழும், கோப்பு நிராகரிக்கப்படலாம்.

நட்ட வருடத்துக்கு ஆதாரம் கேட்டு வாங்குங்கள். இது ஏன் முக்கியம் என்றால், செயற்கைக்கோள் படத்தை வைத்து வரைந்த காட்டு வரைபடங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்தைக் காடு என்று எண்ணிவிடுவது உண்டு. அந்தத் தோட்டத்தில் முதிர்ந்த மரத்தை வெட்டி மறுநடவு செய்தால் "2020இல் காடு இருந்தது, இப்போது இல்லை" என்று எச்சரிக்கை வரும். அப்போது கையில் இருக்க வேண்டியது ரப்பர் வாரியத்திடம் நடவு மானியம் வாங்கிய தாள், பழைய வரி ரசீது, கூகுள் எர்த்தில் பழைய வருடத்துப் படங்களைப் பின்னோக்கிப் பார்த்து எடுத்த ஸ்கிரீன்ஷாட், இப்படி ஏதாவது. 1956 வரை முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மாவட்டம் இது, சில குடும்பங்களின் மூலப் பத்திரம் மலையாள எழுத்தில் இருக்கும், அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, இப்போதைய பட்டாவின் சர்வே எண்ணைத் தனியாக எழுதினால் போதும். 1949ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிற நிலமா என்பதற்கும் ஒரு கட்டம் வையுங்கள். அப்படிப்பட்ட நிலத்தில் மரம் வெட்ட அனுமதி வேண்டும், சட்டப்படி விளைந்ததா என்ற கேள்விக்கு அந்த அனுமதித் தாள்தான் பதில்.

ஆதார் நகல் கேட்காதீர்கள். புள்ளிக்கும் ஆதாருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தேவையில்லாத தகவலை வாங்கி வைத்தால் அதைக் காக்கிற பொறுப்பும் உங்கள் தலையில்தான். "அண்ணே, ஷீட் வாங்குற கம்பெனிக்கு இந்த இடத்தோட புள்ளி கொடுக்கணும், வேற எதுக்கும் கொடுக்க மாட்டோம்" என்று சொல்லி, ஒரு தாளில் சம்மதக் கையெழுத்து வாங்குங்கள். நிலத்தை அளக்க வந்திருக்கிறார்கள் என்ற பயம் வயதானவர்களுக்கு நிஜமாகவே உண்டு, அதை மதித்துப் பேச வேண்டும். ரப்பர் வாரியமும் தோட்டங்களை வரைபடத்தில் ஏற்றும் வேலையைத் தொடங்கியிருக்கிறது. உங்கள் பகுதி ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள், ஏற்கெனவே எடுத்த புள்ளி இருந்தால் இரண்டாம் தடவை விவசாயியைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

சங்கிலி அறுகிற இடம்

புள்ளி எடுத்துவிட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்தால் அதில் பயனில்லை. ஷீட்டுகள் கடையில் வந்து ஒரே அட்டியில் விழுகிறதே, அங்கேதான் சங்கிலி அறுகிறது. இயூடிஆர் விதியில் கலப்புக் கணக்குக்கு இடமில்லை. பத்து டன்னில் எட்டு டன்னுக்குப் புள்ளி இருக்கிறது, மீதி இரண்டு டன் எங்கிருந்தோ வந்தது என்றால் மொத்தப் பத்து டன்னும் போச்சு. புள்ளி உள்ள சரக்கையும் இல்லாத சரக்கையும் தனித்தனி அட்டியாக, முடிந்தால் தனித்தனி அறையாக வைக்க வேண்டும். இதற்குக் கணினியே வேண்டாம், தரையில் ஒரு பெயிண்ட் கோடு போதும்.

அதன் பிறகு லாட் எண். தராசில் வைக்கும்போதே போடுங்கள், அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்றால் ஒருநாளும் போட மாட்டோம். தேதி, விவசாயி எண், அன்றைக்கு எத்தனையாவது எடை, இந்த மூன்றையும் சேர்த்தால் லாட் எண் ஆகிவிடும். 2025 ஜூன் 14 அன்று 014ஆம் எண் விவசாயி கொண்டுவந்த இரண்டாவது எடை என்றால் 250614-014-2. இது ரசீதில் இருக்க வேண்டும், ஷீட் கட்டில் தொங்குகிற அட்டையில் இருக்க வேண்டும், நோட்டில் இருக்க வேண்டும். மூன்றிலும் ஒரே எண்.

புகைக்கூடத்துக்குள் போகும்போது பல லாட் ஒன்றாகப் போகும், அது தவிர்க்க முடியாதது. அங்கே ஒரு பேட்ச் எண் கொடுத்து, "இந்தப் பேட்சுக்குள் இன்னின்ன லாட்" என்று எழுதுங்கள். வெளியே வந்து தரம் பிரித்துப் பேல் (பெரிய கட்டு) கட்டும்போது எந்தப் பேட்சிலிருந்து எத்தனை கிலோ, லாரி ஏறும்போது எந்த இன்வாய்ஸில் எந்தப் பேல். இப்படி ஒவ்வொரு கதவிலும் உள்ளே போனதும் வெளியே வந்ததும் எழுதினால், கடைசி இன்வாய்ஸ் எண்ணைச் சொன்னால் பின்னோக்கி நடந்து தோட்டம் வரைக்கும் போக முடிய வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு பழைய இன்வாய்ஸை எடுத்து இதைச் செய்து பாருங்கள். நின்றுபோகிற இடம் எதுவோ அங்கேதான் அடுத்த மாதம் சரிசெய்ய வேண்டும்.

இதில் நீங்களே வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு காவல் இருக்கிறது. இந்தியாவில் ரப்பரின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு வருடம் சுமார் 1,500 கிலோ, ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல ரகம், நல்ல பராமரிப்பு என்றால் கூடும், ஆனாலும் ஒரு வரம்பு உண்டு. 50 சென்ட் உள்ளவரின் எண்ணில் வருடத்துக்கு 2 டன் வந்திருக்கிறது என்றால் பக்கத்துத் தோட்டத்துச் சரக்கும் அந்த எண்ணில் ஏறியிருக்கிறது. பெரும்பாலும் இதில் கெட்ட நோக்கம் எதுவும் இருக்காது, மச்சானுடைய ஷீட்டையும் தன் ஸ்கூட்டரிலேயே கொண்டுவந்திருப்பார். அவரிடம் பேசி, மச்சானுக்கும் ஒரு எண் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் வருடக் கூட்டலைப் பரப்பால் வகுத்து, ஹெக்டேருக்கு 2,500 கிலோவைத் தாண்டினால் சிவப்பு என்று ஒரு சூத்திரம் போட்டு வையுங்கள்.

ஒட்டுப்பாலைத் தனிக் கணக்காக வைக்க வேண்டும். அது சிரட்டையிலும் வெட்டுப் பட்டையிலும் காய்ந்து பல நாள் சேர்ந்து வருவது, பல கை மாறி வருவது. அதற்கும் லாட் எண் உண்டு, ஆனால் ஷீட் பேட்சோடு சேர்க்கக் கூடாது.

மின்சாரம், டீசல், விறகு

மின்சாரத்துக்கு மின்வாரிய பில்லே போதும். பணத்தைப் பதியாமல் யூனிட்டைப் பதியுங்கள், கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், போன வருடத்தோடு ஒப்பிட யூனிட்தான் வேண்டும். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டைஆக்சைடு. மத்திய மின்சார ஆணையம் இந்த எண்ணை வருடாவருடம் வெளியிடுகிறது, எந்த வருடத்து எண்ணை எடுத்தீர்களோ அதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகள் நம் மாவட்ட வாசலிலேயே சுற்றுகின்றன, அதனால் நம் மின்சாரம் காற்று மின்சாரம்தான் என்று சிலர் சுழியம் போட்டு அனுப்புகிறார்கள். அப்படிப் போடக் கூடாது. கம்பியில் எல்லா மின்சாரமும் கலந்துதான் வருகிறது. காற்றாலையிலிருந்து வாங்குவதற்கு உங்களிடம் ஒப்பந்தத் தாள் இருந்தால்தான் அதைத் தனியாகச் சொல்லலாம். கூரையில் சோலார் இருந்தால் அதன் யூனிட்டைத் தனி வரியில் எழுதுங்கள்.

டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கார்பன் டைஆக்சைடு. ஜெனரேட்டருக்குப் போனதும் சொந்த வண்டிக்குப் போனதும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும், ஏனென்றால் குறைக்கிற வழி இரண்டுக்கும் வேறு வேறு. வாடகை வண்டியின் டீசல் உங்கள் பில்லில் வராது, அதற்கு கிலோமீட்டரும் ஏற்றிய எடையும் போதும். குலசேகரத்திலிருந்து கோட்டயம் போன லாரி திரும்பும்போது காலியாக வந்ததா என்றும் ஒரு கட்டம் வையுங்கள்.

விறகில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். கார்பன் கணக்குக்கு உலகம் முழுக்கப் பின்பற்றுகிற ஜிஎச்ஜி புரோட்டோகால் முறைப்படி, விறகு எரிந்து வரும் கார்பன் டைஆக்சைடை மற்றதோடு கூட்டாமல் தனி வரியில் காட்ட வேண்டும். சேர்த்துவிட்டால் உங்கள் எண் ஊதிப் பெருக்கும், எழுதாமலே விட்டால் மறைத்ததாகும். விறகு எரிவதில் வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் கொஞ்சம்தான், அவை மட்டும் மற்றதோடு கூட்டுகிற கணக்கில் சேரும். உங்கள் வேலை எத்தனை கிலோ விறகு, என்ன மரம், எங்கிருந்து வந்தது என்று எழுதி வைப்பதோடு முடிகிறது. "ஒரு லோடு" என்று எழுதாதீர்கள். இரண்டு மூன்று லோடை எடைமேடையில் ஏற்றிச் சராசரி எடுத்துக்கொள்ளுங்கள், ஈரமா காய்ந்ததா என்றும் குறியுங்கள்.

நம் ஊருக்கு இந்த ஈரக் கணக்கு ரொம்ப முக்கியம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் நன்றாகப் பெய்கிற மாவட்டம். நனைந்த விறகில் இருக்கிற தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பில் ஒரு பகுதி போய்விடும், புகைதான் மிஞ்சும், ஷீட் காய ஒருநாள் கூடுதலாகும், புகைக்கூடத்தில் வேலை செய்கிறவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமுவார். ஒரு கிலோ ஷீட்டுக்கு எத்தனை கிலோ விறகு என்று மாதாமாதம் எழுதினால் ஜூன், ஜூலை, அக்டோபர், நவம்பரில் அந்த எண் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். விறகுக்கு ஒரு தகரக் கூரை போட்ட செலவு எத்தனை மாதத்தில் திரும்பும் என்று அந்த எண்ணிலிருந்தே கணக்குப் போடலாம்.

தண்ணீரும் தொட்டியும்

நான் பார்த்த பல யூனிட்டுகளில் தண்ணீர்க் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது, "சொந்தக் கிணறு, மீட்டர் இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். மீட்டர் இல்லாமலும் அளக்கலாம். 20 லிட்டர் வாளியை மோட்டார் குழாயின் கீழே வைத்து நிரம்ப எத்தனை வினாடி என்று பாருங்கள். 10 வினாடி என்றால் வினாடிக்கு 2 லிட்டர், மணிக்கு 7,200 லிட்டர். மோட்டார் எத்தனை மணி ஓடியது என்று தெரிந்தால் தண்ணீர்க் கணக்கு வந்துவிடும். மோட்டார் பலகையில் ஓடிய மணியைக் காட்டுகிற ஒரு சின்ன மீட்டரைப் பொருத்தச் சொல்லுங்கள், பெரிய செலவு கிடையாது. கோடையில் கிணற்று மட்டம் இறங்கும்போது குழாயில் வரும் வேகமும் குறையும், அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வாளிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

கழிவுநீர்தான் எனக்கு மனதில் நெருடுகிற விஷயம். பாலில் ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் அடித்த பிறகு மிஞ்சுகிற தண்ணீரில் ஆசிட்டோடு சர்க்கரையும் புரதமும் இருக்கும். ஓடையில் விட்டால் அழுகி, தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்து, நாற்றம் எடுக்கும். கோதையாறும் பரளியாறும் திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணம் போகிறது, வழியெல்லாம் குளிக்கிறோம், துவைக்கிறோம், குடிநீரும் எடுக்கிறோம். ஒவ்வொரு யூனிட்டும் கொஞ்சம்தான் விடுகிறது, எத்தனை யூனிட் என்பதுதான் கேள்வி.

தினமும் எழுத வேண்டியது மூன்றே எண்: உறைய வைத்த பால் எத்தனை லிட்டர், ஆசிட் எத்தனை மில்லி, வெளியே போன தண்ணீரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டுகிற எண்) எவ்வளவு. பிஎச் தாள் மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ ஆய்வகப் பொருள் கடையில் கிடைக்கும். நீர்நிலைக்குள் விடுகிற கழிவுநீரின் பிஎச் 5.5க்கும் 9க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அதற்குக் கீழே அடிக்கடி போகிறது என்றால் முதல் சந்தேகம் ஆசிட் அளவின் மீது வர வேண்டும். கண்ணளவில் ஊற்றுகிற இடங்களில் ஒரு அளவுக்குவளை வைத்தாலே ஆசிட் செலவும் குறையும், ஷீட்டின் தரமும் ஏறும். சேர்த்து வைக்கிற அளவுக்குத் தண்ணீர் இருந்தால் அதிலிருந்து எரிவாயு எடுக்கிற கலன் அமைக்கலாம், பல விவசாயிகளின் பாலைச் சேர்த்து ஷீட் அடிக்கிற சங்கக் கூடங்களுக்கு அது நல்ல பொருத்தம். விறகின் ஒரு பகுதியையும் அது மிச்சப்படுத்தும்.

மழைக்காலத்தில் மரத்தில் கட்டுகிற பிளாஸ்டிக் மழைக்காப்பையும் மறந்துவிட வேண்டாம். தோட்டத்திலேயே கிழிந்து மண்ணுக்குள் போகிறது. விவசாயிக்கு நீங்கள்தான் விற்கிறீர்கள் என்றால் எத்தனை கிலோ கொடுத்தீர்கள், பருவம் முடிந்து எத்தனை கிலோ திரும்ப வந்தது என்று இரண்டு கட்டம்.

எதில் பதிவது

முதல் மூன்று மாதம் நோட்டுதான். கோடு போட்ட நோட்டு, ஒவ்வொரு கதவுக்கும் ஒன்று. எந்தக் கட்டம் தேவை, எதை ஒருவரும் நிரப்புவதில்லை என்று அந்த மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். அப்புறம் கூகுள் ஷீட்ஸோ எக்செல்லோ, ஐந்து தாள்: விவசாயி-தோட்டம், வாங்கிய லாட், பேட்ச், அனுப்பியது, மின்சாரம்-டீசல்-விறகு-தண்ணீர். ஒன்றையொன்று குறியீட்டு எண்ணால் மட்டும் இணையுங்கள்.

தோட்டத்தில் புள்ளி எடுக்க, போனில் படிவம் நிரப்புகிற கோபோடூல்பாக்ஸ் செயலி நல்லது. இலவசமாகத் தொடங்கலாம், சிக்னல் இல்லாத இடத்திலும் படிவத்தை நிரப்பி வைத்துக்கொண்டு ஊருக்கு வந்ததும் அனுப்பலாம், தமிழிலேயே கேள்வி எழுதலாம். பேச்சிப்பாறைக்கு மேலே சிக்னலை நம்பிப் போக முடியாது. எடுத்த புள்ளிகளை வரைபடத்தில் பார்க்க கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள், அதுவும் இலவசம்.

டேலி கணக்கு மென்பொருளில் ஏற்கெனவே கணக்கு இருந்தால் அதிலேயே பேட்ச் வசதி இருக்கிறது, சரக்குக்கு அதைத் திறந்துவிட்டால் வாங்கியதும் விற்றதும் லாட்டோடு பதிவாகும். மாதம் நூறு டன்னைத் தாண்டுகிற யூனிட் என்றால் இஆர்பிநெக்ஸ்ட் போன்ற திறமூல மென்பொருளைப் பார்க்கலாம். சென்சார், பிளாக்செயின் என்று பேசிக்கொண்டு வருகிறவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: தராசில் லாட் எண்ணை யார் போடுவார்கள்? அதற்குத் தெளிவான பதில் இல்லை என்றால் வேண்டாம்.

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எப்படிக் கிடைத்தது என்று ஒரு கட்டம் கட்டாயம் வையுங்கள்: அளந்தது, பில், மதிப்பீடு. இந்த மூன்றில் ஒன்று. இந்த ஒரு கட்டம் இருந்தால் தணிக்கைக்கு வருகிறவர் உங்களை நம்பத் தொடங்குவார். பில்லையும் ரசீதையும் போட்டோ எடுத்து, மாதத்துக்கு ஒரு கோப்புறையில், லாட் எண்ணையே கோப்பின் பெயராக வைத்துச் சேமியுங்கள். இயூடிஆர் ஐந்து வருடத்துக்குப் பதிவுகளை வைத்திருக்கச் சொல்கிறது. வாட்ஸ்அப்பில் இருப்பது சேமிப்பில் சேராது, போன் போனால் அதுவும் போய்விடும்.

கூட்டிப் பார்ப்பது

எடுத்துக்காட்டுக்கு ஒரு மாதம். மின்சாரம் 2,000 யூனிட், அதாவது 1,400 கிலோ கார்பன் டைஆக்சைடு. டீசல் 150 லிட்டர், 405 கிலோ. மொத்தம் 1,805 கிலோ. அந்த மாதம் 10,000 கிலோ ஷீட் வெளியே போனது என்றால் கிலோவுக்கு 0.18. விறகு தனி வரி. மொத்த எண்ணை வைத்து மாதங்களை ஒப்பிடாதீர்கள். மழை நாளிலும் இலையுதிர் காலத்திலும் பால் வரத்து குறைவதால் மொத்தம் தானாகவே இறங்கும், அதைப் பார்த்து நாம் மிச்சப்படுத்திவிட்டோம் என்று நினைத்துவிடுவோம். கிலோவுக்கு எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும், அதையும் போன வருடம் அதே மாதத்தோடு.

வாங்குகிறவருக்கு அனுப்புவது

பதிலோடு ஒரு பக்கக் குறிப்பு வையுங்கள். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எது அளந்தது, எது மதிப்பீடு, எதை இன்னும் அளக்கத் தொடங்கவில்லை, எப்போது தொடங்குவீர்கள். காலியாக விட்ட கட்டத்துக்குக் காரணம் எழுதினால் யாரும் சரக்கைத் திருப்பி அனுப்புவதில்லை, பொய்யாக நிரப்பியது பின்னால் தெரிந்தால்தான் வியாபாரமே போகும். அனுப்பிய கோப்பின் நகலைத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அதே மெயிலில் நீங்களும் கேளுங்கள். புள்ளி எடுக்க ஆள் கூலி, பெட்ரோல், அட்டை, தனி அட்டி, தினமும் எழுதுகிறவரின் நேரம், இதெல்லாம் செலவு. 60 சென்ட் தோட்டத்தை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர் தலையில் இதைக் கட்டுவது அநியாயம், கிலோவுக்கு ஒரு ரூபாய்கூட அவரிடம் பிடிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் செலவைக் கிலோவுக்கு இத்தனை பைசா என்று கணக்கிட்டு (உங்களிடம் இப்போது எண் இருக்கிறது, கணக்கிட முடியும்), புள்ளி உள்ள சரக்குக்கு விலையில் தனியாக எவ்வளவு தருகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னதை ஏற்காதீர்கள், அடுத்த பர்ச்சேஸ் ஆர்டரில் அது தனி வரியாக வர வேண்டும். வந்ததும் அதில் விவசாயியின் பங்கை அவருடைய ரசீதிலேயே, லாட் எண்ணுக்குக் கீழே, தனி வரியாகப் போட்டுக் கொடுங்கள்.